அணிலுக்கு நாங்கள் வைத்த பெயர்

பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். அக்குறணையில் இன்று எனக்கு இரண்டு கடைகள். சிங்களம், மலாய், தோட்டத்துத் துரைமாரைச் சமாளிக்கும் அளவுக்கு இங்கிலீசு, எல்லாம் காதால் பிடித்தவை. எட்டு வயதிலேயே சொந்தமாக ஒரு பாஷையை உண்டாக்கியவனுக்கு இதெல்லாம் ஒரு காரியமா?

அலவத்துகொடையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மிளகுத் தோட்டம். அதற்கு அப்பால் ஒரு நாடு இருப்பதாக நானும் தங்கச்சியும் வைத்துக்கொண்டோம். அங்கே மனிதர் கிடையாது, சின்னப் பிராணிகள்தான் குடிமக்கள். அந்த நாட்டுப் பேச்சில் அணில் ‘தில்க்கு’, சுண்டெலி ‘மிசிரி’, ஓணான் ‘கப்புரோ’. ஒருவர் பெயரைச் சொன்னால் மற்றவர் அந்தப் பிராணியைப் போலச் செய்து காட்ட வேண்டும். வெளியாளிடம் சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்பது சட்டம்.

ஊரெல்லாம் காய்ச்சலில் விழுந்த வருஷம் தங்கச்சியும் விழுந்தாள். டிஸ்பென்சரியில் கொயினா மருந்து குடித்த பிள்ளைகள் பக்கத்து வீடுகளில் எழுந்து உட்கார்ந்திருந்தார்கள். அவளையும் டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோக வாப்பா மறுநாளைக்கு மாட்டுக் கரத்தை சொல்லிவைத்திருந்தார். அன்று மாலையே அவள் பிதற்றத் தொடங்கினாள். தில்க்கு, மிசிரி, மறுபடி தில்க்கு. உம்மா நடுங்கிப்போய்ப் பள்ளிவாசல் லெப்பையை அழைப்பித்தார்.

அவர் குனிந்து காது கொடுத்துக் கேட்டார்.

“இது மனிசப் பேச்சில்ல. ஜின்ட பேச்சு. அது எறங்குற மட்டும் புள்ளைய வாசல் தாண்ட விடவாணாம்.”

வாப்பா என் பக்கம் திரும்பினார். எந்நேரமும் அவளோடு திரிந்தவன் நான்தானே.

“மகன், ஒனக்கு ஏதும் வெளங்குதா?”

“இல்ல வாப்பா.”

நாக்குக்குப் பயந்துதான் அப்படிச் சொன்னேன் என்று என் பிள்ளைகளிடம் சொல்லி வந்திருக்கிறேன். பொய். அத்தனை கிதாபு ஓதிய லெப்பையே என் பாஷைக்கு முன்னால் திகைத்து நின்றார். அந்தப் பெருமையை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

கரத்தைக்காரன் வெறும் வண்டியோடு திரும்பிப் போனான். மூன்று நாள் தண்ணீரில் ஓதி ஊதிக் கொடுத்தார்கள். நாலாம் நாள் விடியற்காலை சுபஹு நேரத்தில் அவள் மூச்சு அடங்கிவிட்டது.

என் பாஷை என்றேன். உண்மையில் அதில் பாதிக்கு மேல் அவள் உண்டாக்கியது. தில்க்கும் அவளுடையதுதான். அந்த மூன்று நாளும் அதைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தி என் முகத்தைப் பார்ப்பாள். காய்ச்சல் வேகம் என்று நினைத்துக்கொண்டேன். நான் அணிலைப் போலக் கத்த வேண்டும், அது என் முறை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.