திரும்பி வந்த பத்தொன்பது மெயில்கள்

என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளியிடம் ஓர் ஆஸ்பத்திரியின் மெயில் சர்வரைக் கொடுத்து வைத்தது யாருடைய யோசனையோ தெரியவில்லை. திண்டுக்கல்லில் எங்களுடையது சின்ன ஆஸ்பத்திரி. கம்ப்யூட்டர், பிரிண்டர், இன்டர்நெட், வாசல் கேமரா எல்லாவற்றுக்கும் நான் ஒருவன்தான். எது நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடும்போதே பயம் வந்துவிடும். பதினான்கு வருஷமாகியும் அது மாறவில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு ரிசப்ஷன் கம்ப்யூட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, மானிட்டருக்கு மாலை போட்டார்கள். பேகம்பூர் முஸ்லிமான எனக்குப் பூஜையில் வேலை இல்லை. பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு, வழக்கம்போல போட்டோ எடுக்கும் வேலையைப் பார்த்தேன். நன்றாக வந்த ஒன்றை ஆஸ்பத்திரியின் இணையப் பக்கத்திலும் நானே போட்டேன். மானிட்டரின் ஓரத்தில் ஒட்டியிருந்த துண்டுச் சீட்டில் ஆஸ்பத்திரி மெயிலின் பாஸ்வேர்டு எழுதியிருந்தது. அதற்கும் ஒரு பொட்டு வைத்திருந்தார்கள். நான் மாலையைத்தான் பார்த்தேன்.

யாரோ சீட்டைப் பார்த்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் டாக்டரம்மா என் அறைக்கே வந்துவிட்டார். அறுபது தாண்டியவர், ஆஸ்பத்திரியே அவருடையதுதான்.

"தம்பி, போய்ச் சேரல, போய்ச் சேரலன்னு என் மெயில்ல நூத்துக்கணக்குல வந்து கெடக்கு. நான் யாருக்கும் எதுவும் அனுப்பலையே."

பார்த்தவுடன் புரிந்தது. உள்ளே நுழைந்த ஆள் டாக்டரம்மாவின் முகவரியைப் போட்டு உலகம் முழுக்கக் குப்பை மெயில் அனுப்பியிருந்தான். முகவரி தப்பானவை எல்லாம், சேரவில்லை என்ற தகவலோடு அவருக்கே திரும்பி வந்துகொண்டிருந்தன. இதைத்தான் நாங்கள் பவுன்ஸ் என்போம். அனுப்பியவனை அரை மணி நேரத்தில் வெளியே தள்ளிப் பாஸ்வேர்டை மாற்றினேன். போட்டோவைச் சத்தமில்லாமல் நீக்கினேன். ஆனால் பவுன்ஸ் நிற்கவில்லை. மறுநாளும் வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது.

டாக்டரம்மா பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கூப்பிட்டார். எங்கே போட்டோ விஷயத்தைக் கேட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயம். அந்தப் பயத்தில்தான் சர்வரில் ஒரே ஒரு வரிக் கட்டளை எழுதினேன். பவுன்ஸ் என்று எது வந்தாலும், யாருக்கு வந்தாலும், கண்ணில் படாமல் நேராகக் குப்பைப் பெட்டிக்குப் போய்விட வேண்டும். முப்பது நாளில் பெட்டி தானாகக் காலியாகிவிடும். எழுதிய நிமிஷமே எல்லாம் அடங்கிவிட்டது. "கெட்டிக்காரன்ய்யா நீ" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு நிம்மதியாகப் பிரியாணி சாப்பிட்டேன்.

மூன்று வாரம் அமைதியாக இருந்தது.

அந்த நாட்களில் ஒரு காலை, சிறுமலையிலிருந்து ஓர் அம்மா ஒரு சீப்பு மலைவாழைப் பழத்தோடு வந்தார். நாற்பது வயதிருக்கும். மாதம் ஒருமுறை மதுரையிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரும் புற்றுநோய் டாக்டரிடம் மார்பில் இருந்த கட்டியைக் காட்டியவர். சதை எடுத்து எங்கள் லேபில் பார்த்து, ரிப்போர்ட்டை மதுரைக்கு மெயிலில் அனுப்புவது வழக்கம். அதைப் பார்த்துவிட்டு மதுரையிலிருந்தே போன் பண்ணுவார்கள். "ஏதாவதுன்னாத்தான் கூப்பிடுவோம், கூப்பிடலைன்னா மூணு மாசம் கழிச்சு வந்தாப் போதும்" என்று எல்லோரிடமும் சொல்லித்தான் அனுப்புவோம். சொல்லிச் சொல்லி அது எங்கள் ஊர் நோயாளிகளுக்கு ஒரு கணக்காகவே ஆகிவிட்டது. போன் வரவில்லையா, பிழைத்தோம் என்று அர்த்தம்.

"சதை எடுத்து இன்னியோட பதினெட்டு நாளாச்சுண்ணே, ஒரு போனும் வரல" என்று அந்த அம்மா சிரித்தார். "நல்லபடியா முடிஞ்சா உங்களுக்கெல்லாம் பழம் தாரேன்னு மனசுல நெனச்சிருந்தேன். சாப்புடுங்க."

ரிசப்ஷனில் ஆளுக்கு ஒன்று எடுத்தார்கள். மீதியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். நான் இரண்டு பழம் சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் பதினோரு மணி சுமாருக்கு மதுரை டாக்டரின் உதவியாளர் போன் பண்ணினார். "என்ன சார், உங்க லேப்புல எல்லாரும் லீவா? மூணு வாரமா ஒரு ரிப்போர்ட்டும் வரலையே."

அனுப்பிக்கொண்டுதானே இருக்கிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்த ஒரு வரி நினைவுக்கு வந்தது. குப்பைப் பெட்டியைத் திறந்தேன். ஆயிரக்கணக்கில் கிடந்தன. மதுரை டாக்டரின் முகவரியைப் போட்டுத் தேடினேன். பத்தொன்பது வந்தன. பத்தொன்பதும் உண்மையான பவுன்ஸ். அன்றைக்கு எங்கள் சர்வரிலிருந்து குப்பை போனதால், நம்பத்தகாத சர்வர்களின் பட்டியலில் எங்கள் பெயரையும் சேர்த்திருக்கிறார்கள். மதுரை சர்வர் எங்கள் கடிதங்களை வாங்காமல், வாங்கவில்லை என்று ஒவ்வொரு முறையும் ஒழுங்காகச் சொல்லி அனுப்பியிருக்கிறது. அதைத்தான் நான் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தேன்.

ரிப்போர்ட்டை நான் படிக்கக் கூடாது. டாக்டரம்மாவிடம் ஓடினேன். போட்டோ, பாஸ்வேர்டு, அந்த ஒரு வரி எல்லாவற்றையும் மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தார்.

"இது ஒண்ணுமில்ல. இதுவும் ஒண்ணுமில்ல."

நான் பின்னால் நின்றேன். பத்து தாண்டியது, பன்னிரண்டு தாண்டியது. ஒவ்வோர் "ஒண்ணுமில்ல"வுக்கும் மனதுக்குள் அல்லாஹ்வைக் கூப்பிட்டேன். பதினான்காவதைத் திறந்தார் டாக்டரம்மா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"சிறுமலைன்னு போட்டிருக்கு" என்றார். பிறகு மேசையைப் பார்த்தார். சீப்பில் நான்கு பழம் மிச்சமிருந்தது. "பழம் கொண்டாந்தாகளே, அந்தப் புள்ளையா?"

மிச்சம் ஐந்தும் ஒன்றுமில்லை.

அந்த அம்மா கொடுத்திருந்த நம்பருக்கு ஏழெட்டுத் தடவை அடித்தோம். மலையில் அவர்கள் பக்கம் டவர் கிடைக்காது. "ஆம்புலன்ஸ் வேணாம், ஊரே பயந்து போகும்" என்றார் டாக்டரம்மா. "நீங்க வண்டியில போங்க தம்பி. நோயப் பத்தி ஒரு வார்த்தை பேசாதீங்க, அத நான் சொல்லிக்கிறேன். நாளைக்குக் காலையில மதுரையில இருக்கணும், அம்புட்டுத்தான்."

"நானா?" என்று கேட்டேன். கேட்டதற்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

மலைப்பாதையில் பாதிக்கு மேல் பனி மூட்டம். வண்டியின் கைப்பிடியை இறுகப் பிடித்ததில் தோள் வலித்தது. ஒவ்வொரு வளைவிலும் ஒரு பதிலைத் தயார் பண்ணினேன். சர்வரில் கோளாறு என்று சொல்லலாம். மதுரைக்காரர்கள் வாங்கவில்லை என்று சொல்லலாம், அது பொய்கூட இல்லை. யாரோ ஒரு திருடன் செய்தது என்றும் சொல்லலாம். மேலே போய்ச் சேர்ந்தபோது என் கையில் நாலைந்து நல்ல பதில்கள் இருந்தன. பயம் மட்டும் குறையவில்லை.

டீக்கடையில் வழி கேட்டுப் போனேன். அந்த அம்மா வீட்டு முன்னால் தார்களிலிருந்து சீப்புகளை அறுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் அவற்றைக் கூடையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணே. பழம் நல்லாருந்துச்சா? அதுக்காகவா இம்புட்டுத் தூரம் வந்தீக? ஒரு தாரே கட்டித் தாரேன்."

"டாக்டரம்மா உங்களப் பாக்கணுங்கறாங்கம்மா. காலையில மதுரைக்குப் போகணுமாம்" என்றேன்.

"எதுக்கு? அதான் கூப்புடலையே."

"கூப்பிட்டிருப்பாங்கம்மா. ரிப்போர்ட்டு அவங்களுக்குப் போய்ச் சேரல."

வீட்டுக்காரர் கூடையைக் கீழே வைத்தார். அந்த அம்மா கையிலிருந்த அரிவாளை ஓரமாக வைத்து, வாழைக்கறை படிந்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இம்புட்டு நாளா அது எங்கண்ணே கெடந்துச்சு?"

வளைவு வளைவாகச் சேர்த்து வைத்த பதில்களை விட்டுவிட்டேன்.

"எங்கிட்டத்தாம்மா" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். "செத்த நேரம் இருங்க, சேலைய மாத்திட்டு வாரேன்" என்று உள்ளே போனார்.

இருவரும் மத்தியான பஸ்ஸில் ஏறினார்கள். நான் அடிவாரம் வரைக்கும் பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்தேன். முந்திப் போக இடமிருந்த இடத்திலும் முந்தவில்லை. நடுவழியில் இறங்கிவிடுவார்களோ, பஸ் நின்றுவிடுமோ என்று ஒவ்வொரு வளைவிலும் பயந்தேன்.

அந்த வாரமே ஆபரேஷன் நடந்தது. மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டி மறுபடி முளைத்தது. அந்தத் தாமதத்தால் ஏதாவது கெட்டுப்போயிருக்குமா என்று மதுரை டாக்டரிடம் ஒருமுறை கேட்டேன். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், சொல்ல முடியாது" என்றார். அதை வைத்துக்கொண்டுதான் தூங்கி எழுகிறேன். அந்த ஒரு வரியை அன்றைக்கே அழித்துவிட்டேன், பட்டியலிலிருந்து எங்கள் பெயரையும் எடுக்க வைத்தேன். இப்போது எல்லாப் பவுன்ஸும் எனக்கு வருகின்றன, ஒன்று விடாமல் நானே திறந்து, யாருக்குப் போகாமல் நின்றது என்று பார்க்கிறேன், ரிப்போர்ட்டை மட்டும் தொடுவதில்லை.

அந்த அம்மா செக்கப்புக்கு வரும்போதெல்லாம், டாக்டரைப் பார்த்த பிறகு நேராக என் அறைக்கு வருவார். பழம் கொண்டுவருவதில்லை. போன் வராததை இப்போது அவர் நம்புவதும் இல்லை. வாசலில் நின்றபடியே கேட்பார்.

"எதுவும் கெடக்காண்ணே?"

நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு அவரை உட்காரச் சொல்வேன். அவர் பக்கம் திரையைத் திருப்பி, காலையில் பார்த்ததை எல்லாம் மறுபடி ஒவ்வொன்றாகத் திறப்பேன். கடைசி மெயில் வரும்வரை அவர் எழுந்திருப்பதில்லை.