ஜூலை ஒன்று, பகல் பன்னிரண்டு

ஹில்கே ஓன்கன் கடைசியாகப் பார்த்த பிரசவத்தைப் பற்றி லேர் ஊர்ப் பக்கத்தில் மூன்று விதமாகப் பேசுகிறார்கள். பயந்து ஓடிவிட்டாள் என்கிறார்கள், குடித்திருந்தாள் என்கிறார்கள், வயதாகிவிட்டது என்கிறார்கள். பேசுகிறவர்களில் பாதிப் பேர் அவள் கையில் பிறந்தவர்கள். நான் டோமா, நானும் மருத்துவச்சிதான். பதினாறு வருடம் அவளும் நானும் ஒரே அறையைப் பங்கு போட்டுக்கொண்டு வேலை பார்த்தோம். நடந்தது எனக்குத் தெரியும்.

நாங்கள் எந்த ஆஸ்பத்திரியிலும் சம்பளத்துக்கு இல்லை. வீட்டில் பெற்றுக்கொள்ள விரும்புகிறவள் கூப்பிட்டால் போவோம். பிரசவத்தில் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் முப்பது வருடம் வரை வழக்குப் போடலாம். அதற்காகத்தான் காப்பீடு. அந்தப் பத்திரம் கையில் இல்லாமல் பிரசவம் பார்த்தால் உரிமம் போய்விடும். வழக்கு வந்தால் வீடும் போய்விடும். பிரீமியம் வருடா வருடம் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் வருடத்தின் முதல் ஐந்து பிரசவத்தின் கூலி காப்பீட்டுக்கே சரியாகப் போயிற்று. ஹில்கே பார்ப்பதே வருடத்துக்குப் பன்னிரண்டு.

நான் முன்னாடியே பிரசவம் பார்ப்பதைக் கைகழுவிவிட்டேன். கர்ப்பிணியைப் பரிசோதிப்பது, பிறந்த குழந்தையை எடை போடுவது, தையலைப் பார்ப்பது, இதற்கெல்லாம் ஒரு சின்னப் பத்திரம் போதும், மலிவு. முன்னும் பின்னும் பார்க்கலாம், நடுவில் மட்டும் தொடக்கூடாது. சமைக்கலாம், பரிமாறலாம், அடுப்பைத் தொடாதே என்பது போல. ஹில்கே என்னைக் கோழை என்றாள். இரண்டு வருடம் கழித்து அவளும் அதே படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். அன்று அந்த வார்த்தையை நான் திருப்பிச் சொல்லியிருந்தால் அடித்திருப்பாள்.

ஹில்கேயின் பெரிய பத்திரம், பிரசவத்துக்கானது, ஜூலை ஒன்றாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்கு முடிகிறது. பழைய வழக்கம், நடுப்பகல் கணக்கு. அதற்குள் பிறக்கிற குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொள்வது என்று அவள் முடிவு செய்திருந்தாள். அப்போதுதான் ஃபென்னா டிர்க்ஸ் வந்தாள். கால்வாய்க்கு அந்தப் பக்கம் மாட்டுப்பண்ணை வைத்திருக்கும் ஐலர்ட்டின் மனைவி. மூத்தவளை வீட்டிலேயே ஹில்கேதான் பிறக்க வைத்தாள்.

பிரசவத் தேதி கணக்கிடும் வட்ட அட்டையைச் சுற்றிப் பார்த்தால் ஜூன் பத்தொன்பது வந்தது. பன்னிரண்டு நாள் இடைவெளி இருக்கிறதே என்று ஒப்புக்கொண்டாள்.

முப்பது வருடம் எந்தத் தாயிடமும் தேதி சொல்லாதவள் ஹில்கே. "முதல் புல் அறுப்புக்குள்ள வரும்" என்பாள், "செர்ரி பழுக்கையில பாப்போம்" என்பாள். தேதி கேட்கும் டாக்டர்களைக் கிண்டல் செய்வாள். அப்படிப்பட்டவள் இப்போது அட்டையை நம்பினாள். ஃபென்னாவின் முதல் குழந்தை பதினோரு நாள் தாமதம் என்று அவள் கையாலேயே எழுதின கோப்பு அலமாரியில் இருந்தது. எடுத்துப் பார்க்கவில்லை. வேண்டுமென்றேதான் பார்க்காமல் இருந்தாள் என்று நான் நினைக்கிறேன்.

பத்தொன்பது போயிற்று. இருபத்தைந்து போயிற்று. பத்திரத்தை நாலு நாள் நீட்டிக்க முடியுமா என்று காப்பீட்டு அலுவலகத்துக்குப் போன் போட்டாள். எதிரில் பேசின பெண் ரொம்ப மரியாதையானவள்.

"நாலு நாளைக்குன்னு ஒண்ணும் கிடையாதுங்க. எடுத்தா முழு வருஷம்."

"குழந்தை வயித்துக்குள்ள இருக்கும்மா. அதுக்கு முழு வருஷம் வேணாம்."

"புரியுதுங்க. ஆனா அப்படி ஒரு கட்டம் எங்க படிவத்துல இல்லைங்க."

முப்பதாம் தேதி காலையில் ஹில்கே செய்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. தேதி கடந்தவர்களுக்கு எங்களில் சிலர் கொடுப்பதுண்டு: விளக்கெண்ணெய், பாதாம் விழுது, ஆப்ரிகாட் சாறு, எல்லாம் கலக்கி ஒரு டம்ளர். வயிறு கலங்கி வலி எடுக்கும். ஹில்கே ஒரு நாளும் கொடுத்ததில்லை. பிள்ளையைக் கடிகாரத்தில் கட்டி இழுக்கக்கூடாது என்று என்னோடு சண்டையே போட்டிருக்கிறாள். அன்று ஃபென்னா வீட்டு அடுப்படியில் அவளே கலக்கிக் கொடுத்தாள்.

"குடிம்மா, உனக்கு நல்லது."

"நல்லதுன்னா குடிக்கிறேன் அக்கா. நாத்தந்தான் தாங்கல. மாட்டுக்குக் குடுக்கறதே தேவல" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள் ஃபென்னா.

அன்று பகலெல்லாம் வயிற்றுப்போக்குதான். வலி வந்தது மறுநாள் காலை ஆறு மணிக்கு. அதாவது, ஜூலை ஒன்று.

பத்து மணிக்குக் கர்ப்பவாய் முக்கால் பங்கு திறந்துவிட்டது. இரண்டாவது பிரசவம், சாதாரணமாக ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டியது. ஆனால் குழந்தை முகத்தை மேல்பக்கமாக வைத்துக்கொண்டு கிடந்தது. அப்படிக் கிடந்தால் இழுத்தடிக்கும். இதயத் துடிப்பு நன்றாக இருந்தது, தாய் தெம்பாக இருந்தாள். வேறு எந்த நாளாக இருந்தாலும் ஹில்கே ஜன்னல் ஓரம் உட்கார்ந்து காத்திருப்பாள். அன்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஃபென்னா அதைக் கவனித்துவிட்டாள்.

"அக்கா, என்னைப் பாருங்க. அதைப் பாக்காதீங்க."

பதினொன்றரைக்கு ஹில்கே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். என்ன காரணம் என்று அங்கே கேட்டார்கள். குழந்தைக்கு மூச்சு முட்டுகிறது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது வரவில்லை. "என் காப்பீடு முடியப் போகுது" என்றாள். எதிர்முனையில் இருந்தவர் வேடிக்கை பேசுகிறாள் என்று சிரித்தாராம்.

ஐலர்ட் வாசலை மறித்து நின்றான். "நல்லாத்தானே போயிட்டிருக்கு? எதுக்கு இப்போ இவளை வண்டியில ஏத்தணும்?"

"பன்னண்டுக்கு மேல நான் தொடக்கூடாதுப்பா. முன்னாடியே சொன்னேன்ல."

"சொன்னீங்க. ஆனா நீங்க போயிருவீங்கன்னு நாங்க நினைக்கல."

அவள் போகவில்லை, கூடவே ஏறினாள். பக்கத்து ஊர்ப் பிரசவ வார்டை மூடிவிட்டார்கள், அடுத்தது நாற்பது நிமிடத் தொலைவு. அணைக்கரைச் சாலையில், செம்மறிக்கூட்டம் ஒன்று குறுக்கே போக வண்டி நின்ற இடத்தில், குழந்தை தானாகத் திரும்பித் தலையைக் காட்டிவிட்டது. மணி பன்னிரண்டே கால்.

வண்டியில் இருந்த மருத்துவ உதவியாளர் ரெம்மர் ஐம்பது வயது மனிதர். மாரடைப்பு, விபத்து எல்லாம் ஆயிரம் பார்த்தவர். பிரசவத்தை மட்டும் பயிற்சி வகுப்பில் ரப்பர் பொம்மையில்தான் பார்த்திருக்கிறார்.

"நீங்க பிடிங்கம்மா, எனக்குத் தெரியாது!" என்று கத்தினார்.

ஹில்கே இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நான் இப்போ கூட வந்தவ மட்டும்தான். சொல்றேன், நீங்க செய்யுங்க. உள்ளங்கையைக் கீழ வச்சுத் தாங்குங்க. அங்க இல்ல, இன்னும் கீழ."

அவசரத்துக்கு யார் வேண்டுமானாலும் உதவலாமே என்று பிறகு நான் கேட்டேன். "வேற யாராவது செஞ்சா உதவி. லைசென்ஸ் உள்ளவ, தானே தேதி போட்டவ, தானே விளக்கெண்ணெய் ஊத்தினவ செஞ்சா அதை உதவின்னு எந்த வக்கீல்டீ ஒத்துக்குவான்?" என்றாள்.

ரெம்மர் தாங்க வேண்டிய இடத்தில் தாங்கத் தெரியாமல் குழந்தையின் தலையைப் பிடித்தார். ஃபென்னா அலறினாள். பிள்ளை பிழைத்தது, நல்ல கனம், உடனே அழுதது. தாய் ஆழமாகக் கிழிந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் ஒன்றரை மணி நேரம் தைத்தார்கள். ஹில்கேயின் கை ஒரு நிமிடம் அங்கே இருந்திருந்தால் இந்த அளவுக்குப் போயிருக்காது. இதை நான் ஒரு மருத்துவச்சியாகச் சொல்கிறேன், அவளும் இதைத்தான் சொன்னாள்.

நாலாம் நாள் ஃபென்னா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பினாள். பிரசவத்துக்குப் பின் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது மருத்துவச்சியின் வேலை, அதற்குச் சின்னப் பத்திரம் செல்லும். ஹில்கே தராசை எடுத்துக்கொண்டு போனாள். தேநீர் தரவில்லை. எங்கள் ஊரில் வரி வசூலிக்க வந்தவனுக்குக்கூட மூன்று கோப்பை ஊற்றுவார்கள்.

ஃபென்னா ஒருக்களித்துப் படுத்திருந்தாள், நேராக உட்கார முடியவில்லை. பிள்ளை அவள் மார்போடு கிடந்தது.

"இன்னைக்குத் தொடலாமா அக்கா?" என்று கேட்டாள்.

"தொடலாம்மா. இன்னைக்கு அனுமதி இருக்கு."

"உங்களுக்கு இருக்கு" என்றாள் ஃபென்னா. பிள்ளையைப் போர்வைக்குள் இழுத்து மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

ஹில்கே தராசை மறுபடி பையில் வைத்து எடுத்துக்கொண்டு நேரே எங்கள் அறைக்கு வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் மேஜை முன்னால் உட்கார்ந்தாள். வருகைப் படிவத்தில் குழந்தையின் எடை என்ற கட்டத்தைக் காலியாக விட்டாள். கீழே கையெழுத்துப் போட்டாள். பிறகு கைகளை மேஜை மேல் விரித்து வைத்து, வேறு யாருடைய கைகளையோ பார்ப்பது போல வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.