கப்பல் அப்பாவைத் தேடி மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும்

போன ஜனவரியில் பள்ளிக்கூடத்துக்கு ஆறு நாள் லீவு சொல்லிவிட்டு மும்பைக்குப் போனேன். கடற்கரை, கடைவீதி பற்றிப் படிக்கலாம் என்று வந்திருந்தால் மன்னிக்கவும். அங்கே நான் உருப்படியாகப் பார்த்தது இரண்டு பழைய நோட்டுகளைத்தான். குடும்பத்தில் யாரோ கப்பலில் வேலை பார்த்ததாகச் சொல்லக் கேட்டு, அதற்குக் காகிதம் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு இது உதவலாம். மற்றவர்களுக்கு இது வெறும் புலம்பல்.

என் வாப்பாவுக்கு எழுபத்து நாலு வயது. அவருடைய வாப்பா மீரான், பம்பாயிலிருந்து கிளம்பும் சரக்குக் கப்பல்களில் சமையல்காரர். எங்கள் பக்கம் தாத்தாவை அப்பா என்போம், அதனால் அவர் எங்களுக்குக் கப்பல் அப்பா. வாப்பாவுக்கு ஏழு வயதாக இருக்கும்போது அவருடைய உம்மா பிரசவத்தில் மவுத்தாகிவிட்டார். அவருடைய மையத்தை, அதாவது உடலை, பார்க்கக் கப்பல் அப்பா வரவில்லை. எட்டு மாதம் கழித்து வந்தவர், நடுக்கடலில் இருந்தேன், சேதியே கிடைக்கவில்லை என்றாராம். சொந்தத்தில் சிலர் அதை இன்றுவரை நம்பவில்லை. போன வருஷம் ஒரு கல்யாண வீட்டில், "ஒங்க வாப்பா கப்பலும் ஓடல, ஒண்ணும் ஓடல" என்று ஒருவர் பந்தியிலேயே சொல்லிவிட்டார். வாப்பா பாதிச் சோற்றில் எழுந்து வந்துவிட்டார். அதன் பிறகு என்னிடம் ஒரே பேச்சுதான்: "நீ போய் அவுக கப்பல் ஏறி எறங்குன தேதியை மட்டும் பாத்துட்டு வந்துரு."

திருநெல்வேலியிலிருந்து மும்பைக்கு ரயிலில் முப்பத்தாறு மணி நேரம் என்று டிக்கெட்டில் இருந்தது. தாதரில் இறங்கும்போது முப்பத்தெட்டரை ஆகியிருந்தது. ஸ்லீப்பர் போதும் என்று சிக்கனம் பார்க்காதீர்கள், என் முதுகு இன்னும் சொல்லிக்காட்டுகிறது. செம்பூரில் சித்தி மகள் வீட்டில் தங்கினேன். அவள் வீட்டுக்காரர்தான் பழைய கப்பல் பதிவேடுகளை வைத்திருக்கும் மாட்டுங்காப் பெரியவர் ஒருவரைப் பற்றி விசாரித்து வைத்திருந்தார்.

செம்பூரிலிருந்து மாட்டுங்காவுக்கு ஆட்டோ பிடித்தால் சயானில் இறக்கிவிடுவார்கள், அதற்கு மேல் ஆட்டோ போகக்கூடாது. "ஆகே டாக்சி லேலோ" என்று, மேற்கொண்டு டாக்சி பிடிக்கச் சொல்லிவிட்டு ஆட்டோக்காரர் அவர் பாட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார். குர்லாவில் மாறி லோக்கல் ரயிலில் போயிருந்தால் பத்து ரூபாயில் முடிந்திருக்கும். எனக்கு இருநூற்றுப் பத்து ரூபாயும் ஒரு மணி நேரமும் செலவு.

பெரியவர் பாலக்காட்டுப் பக்கம். பல காலம் முன்பு மூடிப்போன ஒரு கப்பல் கம்பெனியில் கிளார்க்காக இருந்தவர். கம்பெனியை மூடியபோது ஆள் பதிவேடுகளைப் பழைய பேப்பருக்குப் போடச் சொன்னார்களாம். இவர் டாக்சி வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து பரணில் ஏற்றிவிட்டார். வீட்டு அம்மா அதை இன்னும் மன்னிக்கவில்லை என்பது அவர் காபி வைத்த வேகத்தில் தெரிந்தது.

"ஆள் பேரைச் சொன்னா கிடைக்காதும்மா. மீரான்னு எத்தனையோ பேர் இருக்கா. ஊரைச் சொல்லுங்கோ" என்றார் பெரியவர்.

ஊரைச் சொன்னேன். ஐந்தாவது பேரேட்டில் கிடைத்தது. பெயர், தகப்பன் பெயர், ஊர், கப்பல் புத்தகத்தின் எண், இடது புருவத்தில் தழும்பு. கப்பல் புத்தகம் என்பது கப்பலாட்களுக்குத் தரும் அடையாளப் புத்தகம். அது இல்லாமல் யாரும் ஏற முடியாது. பெரியவர் விரலை வைத்துத் தேதிகளைப் படித்தார். வாப்பாவின் உம்மா மவுத்தாவதற்கு நாலு மாதம் முன்பு கப்பல் அப்பா பம்பாயில் ஏறியிருக்கிறார். ஏழு மாதம் பின்பு அதே பம்பாயில் இறங்கியிருக்கிறார். வாப்பாவின் உம்மா மவுத்தான நாளில் கப்பல் ஏடனை விட்டு மொம்பாசா போய்க்கொண்டிருந்தது.

"அப்புறம் என்ன, உங்க தாத்தா சொன்னது சரியாத்தானே இருக்கு" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கப்படவில்லை. பக்கத்தைப் போட்டோ எடுத்து வாப்பாவுக்கு அனுப்பினேன். கால் மணி நேரத்தில் தம்பி போன் செய்தான்: "ராத்தா, வாப்பா போனைத் தூக்கிட்டுப் பள்ளிவாசலுக்குப் போயிட்டாக. ஒவ்வொரு ஆளா நிப்பாட்டிக் காட்டுதாக."

அத்தோடு ஊருக்குத் திரும்பியிருக்கலாம். திரும்பும் டிக்கெட்டுக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது, எனக்கு வாய் சும்மா இருந்தாலும் கால் சும்மா இருக்காது. மறுநாள் காலை பத்து மணிக்குத் தாராவி போனேன். எங்கள் ஊர் ஆண்கள் பம்பாய்க்கு வந்தால் தங்குவதற்கு ஊர் ஜமாத்து அங்கே ஒரு ரூம் வைத்திருக்கிறது. கப்பல் அப்பாவும் கப்பல் ஏறும்வரை அங்கேதான் இருந்தார் என்று கேள்வி. சயான் ஸ்டேஷனிலிருந்து நடந்தால் இருபது நிமிஷம் என்று மேப் சொன்னது. சந்து சந்தாகச் சுற்றியதில் எனக்கு ஐம்பது நிமிஷம் ஆனது.

ரூமைப் பார்த்துக்கொள்ளும் காதர் காக்காவுக்கு அறுபத்தைந்து வயது இருக்கும், பக்கத்திலேயே தோல் பை தைக்கும் பட்டறை.

"பொம்பளையாளு இதுக்குள்ள வந்ததா எனக்கு ஓர்மையே இல்ல. பரவாயில்ல, வாங்க தங்கச்சி" என்றார். ஒரு தகரப் பெட்டியை இழுத்து வைத்தார். "தாராவிய இடிச்சுக் கட்டுததுக்கு சர்வேக்கு வாரவங்க ரூமு எத்தனை வருசமா இருக்குன்னு காயிதம் கேக்காங்க. அதான் ஒண்ணையும் தூரப் போடல."

உள்ளே முறை நோட்டுகள். இருபது பேருக்கு மேல் தங்கிய ரூம், தினம் ஒருவர் முறை வைத்துச் சமைக்க வேண்டும். யார் முறை, என்ன சமைத்தார் என்று எழுதிவைப்பார்கள். பக்கத்திலேயே சாப்பிட்டவர்களின் குறை: "உப்பு இல்லை", "சோறு குழைவு", "இவருக்கு இனி மீன் கொடுக்க வேண்டாம்". சிரித்துக்கொண்டே புரட்டினேன். பேரேட்டில் பார்த்த அதே வருஷத்து நோட்டு வந்தது. கப்பல் கிளம்பி ஒரு மாதம் ஆன பிறகும் மீரான் பெயர் இருந்தது. மீரான், ரசம், கருவாடு. மூன்று வாரம் கழித்து மறுபடியும் மீரான், பருப்புக் குழம்பு. வேறு மீரானாக இருக்கும் என்று தகப்பன் பெயரைப் பார்த்தேன். அவர்தான். வாப்பாவின் உம்மா மவுத்தான மறுநாள் பக்கத்தில் இப்படி இருந்தது: "மீரான் முறை. தந்தி வந்தது. சமைக்கவில்லை. எல்லாரும் ஓட்டல்."

காதர் காக்கா என் முகத்தைப் பார்த்தார். "வீட்ல யாரும் சொல்லலியா?" என்றார். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"ஒங்க அப்பாவுக்குக் கடல் ஒத்துக்கிடல தங்கச்சி. மொத ஓட்டத்துலயே ரத்தமா வாந்தி எடுத்து, பொழச்சதே பெருசு. எங்க வாப்பாவுக்குக் கண்ணுல கோளாறு, டாக்டர் பாஸ் பண்ணல, புஸ்தகம் கிடைக்கல. ஒரே ஊரு, ஒரே வயசு. ஒங்க அப்பா புஸ்தகத்துல எங்க வாப்பா ஏறிட்டாக. புருவத்துல ஒரு கீறலையும் போட்டுக்கிட்டாக. சம்பளத்துல பாதி ஒங்க அப்பாவுக்கு. அப்பல்லாம் நெறைய பேரு அப்படித்தான்."

"தந்தி வந்துச்சே காக்கா. ஊருக்குப் போயிருக்கலாம்ல?"

"எப்படிப் போவாக? புஸ்தகம் கடல்ல ஓடும்போது ஆளு ஊர்ல தெரியப்படாது. கப்பலுக்கு ஆள் எடுக்குத சாரங்கு நம்ம ஊர்க்காரரு. அவரு காதுல விழுந்தா ரெண்டு பேருக்கும் செயிலு. எங்க வாப்பா திரும்பி வந்து புஸ்தகத்தைக் கையில குடுத்த பொறவுதான் ஒங்க அப்பா ஊருக்கு ரயிலேறினாக."

சின்ன வயதில் நாங்கள் கேட்ட பறக்கும் மீனும் லிவர்பூல் பனியும் இந்த மனிதரின் வாப்பா பார்த்தவை. எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. "ஒங்க வாப்பாட்ட சொல்லாதிய. ரெண்டு பேரும் போயிச் சேந்தாச்சு" என்றார் காதர் காக்கா. அவர் வாங்கித் தந்த டீயைக்கூட முழுதாகக் குடிக்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: கப்பல் பதிவுகளில் ஊர் பெயரையும் தகப்பன் பெயரையும் கொண்டு தேடுங்கள். தாத்தாவின் பெயருக்கு நேரே தேதி சரியாக இருந்தால், அந்தப் பெயரில் ஏறிய ஆள் யார் என்றும் கேளுங்கள். ஊர் ரூம்களுக்குப் பகலில், முன்கூட்டியே போன் செய்துவிட்டுப் போங்கள். தாராவியை இடித்துக் கட்டும் வேலை வேகமாக நடக்கிறது, தகரப் பெட்டிகள் எத்தனை நாள் இருக்கும் என்று தெரியாது. எதைக் கண்டுபிடித்தாலும், எல்லாவற்றையும் பார்த்து முடிக்கும் முன் வீட்டுக்குப் போட்டோ அனுப்பாதீர்கள்.

வாப்பாவிடம் சொன்னேனா என்று கேட்பீர்கள். சொன்னேன். சொல்லக்கூடாது என்றுதான் ரயிலில் வந்தேன். வீட்டுக்குள் நுழைந்தால் பேரேட்டுப் பக்கத்தை லேமினேட் செய்து கையில் வைத்துக்கொண்டு, தாராவியில் என்ன பார்த்தாய் என்று ஆசையாகக் கேட்டார். பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. தந்தி, புத்தகம், சாரங்கு, ஜெயில் பயம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் வாப்பா லேமினேட் செய்த பக்கத்தைக் கட்டில் மேல் வைத்தார்.

"மையத்தைப் பாக்க வந்திருக்க முடியாது, அது சரி" என்றார். "மூணாம் நாளு, யாருக்கும் தெரியாம, என்னைய வந்து பாத்திருக்கலாம்லா?"