ஊட்டேக்கு ஒரு கிலோ முந்திரி

நான் வாழும் ஜெர்மன் ஊரில் பெரிய விஞ்ஞானிகளையும் பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள். என் மகள் கயல் தன் துறையின் பெரிய விஞ்ஞானியை "ஊட்டே" என்று சாதாரணமாகச் சொல்லும்போது, அந்த அம்மையார் காதில் விழுந்துவிடுமோ என்று இன்றும் திரும்பிப் பார்க்கிறேன். நெய்வேலியில் என் அப்பா தன் மேலதிகாரியின் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் குவார்ட்டர்ஸுக்குள்ளும் அவர் 'சார்'தான்.

நிலக்கரி தோண்டும்போது கொட்டிய மண்மேடுகளில் மறுபடி என்ன விளையும் என்பது கயலின் ஆராய்ச்சி. சென்ற மாதம் நெய்வேலியிலேயே அதற்கொரு கூட்டம் நடந்தது. இளம் ஆய்வாளர்கள் ஒவ்வொரு நிபுணருக்கும் எதிரில் அமர்ந்து எட்டு நிமிடம் பேசலாம். மணி அடித்தால் அடுத்த மேசை. முடிவில் ஒவ்வொரு நிபுணரும் ஒருவரைத் தேர்ந்து ஓராண்டு வழிகாட்டுவார். கயல் விரும்பியது ஊட்டேயை மட்டும். நானும் விடுப்பெடுத்துக்கொண்டு கூடவே போனேன். அண்ணன் வீட்டில் தங்கினோம்.

"பெரியவங்கள பாக்கப் போறப்ப கைய வீசிக்கினா போவ, தேவி?" என்றார் அண்ணி. "மாமா முந்திரி இல்லாம யார் வூட்டுக்காவது போயிருக்காரா?"

உண்மைதான். ஜனவரி ஒன்றாம் தேதி பண்ருட்டி முந்திரிப் பொட்டலத்தோடு அப்பா என்னையும் அழைத்துக்கொண்டு மேலதிகாரி வீட்டுக்குப் போவார். கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நிற்போம். வாழ்த்து சொல்லிவிட்டுத் திரும்பும்போது அப்பா வழியெல்லாம் விசிலடிப்பார். அந்த விசிலை நம்பி, கயலிடம் சொல்லாமலே, ஊட்டே தங்கியிருந்த விடுதியில் ஒரு கிலோ முந்திரியைக் கொடுத்துவிட்டு வந்தேன். 'கயலின் அம்மா' என்று சீட்டும் வைத்தேன்.

மறுநாள் அரங்கில் அந்தப் பொட்டலத்தோடு ஊட்டே நேராக என்னிடம் வந்தார்.

"இதை நான் வாங்க முடியாது. இன்னும் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை" என்றார் ஜெர்மனில்.

"ஒரு கிலோதான்" என்றேன்.

"கால் கிலோவும் முடியாது. உங்கள் மகளைப் பற்றி இனி நான் முடிவு செய்ய மாட்டேன். மற்ற இரண்டு நிபுணர்கள் செய்வார்கள்."

பக்கத்தில் நின்ற கயலின் முகம் வெளுத்தது. "அம்மா, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

அதற்குள் மணி அடித்தது.

கடைசி வரிசையிலிருந்து பார்த்தேன். ஊட்டேயின் மேசையில் எதிரே அமர்ந்த கயல் மன்னிப்புக் கேட்கவில்லை. மண்மேட்டில் காட்டு மரங்களை மட்டும் நடச் சொல்லும் ஊட்டேயின் கட்டுரை போதாது, முந்திரியையும் நட்டுப் பார்க்க வேண்டும் என்று வரைபடத்தை விரித்தாள். ஊட்டே தலையாட்டி மறுத்தார். இவள் விடவில்லை. மணி அடித்ததும் இருவரும் ஒழுங்காக எழுந்தார்கள். ஆனால் தேநீர் இடைவேளையில் வெயிலில் நின்று அதே சண்டை தொடர்ந்தது. ஊட்டே குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரியவர், என் மகள் பேசப் பேச எழுதுகிறார். நான் தேநீரைக் குடிக்க மறந்து நின்றேன்.

மாலையில் பட்டியல் ஒட்டினார்கள். ஊட்டேயின் பெயருக்கு எதிரே கயல். இரண்டு நிபுணர்களும் ஒருமனதாம்.

அண்ணிக்கு போன் செய்தேன். "பாத்தியா, முந்திரி வேல செஞ்சிடிச்சி" என்றார்.

இப்போதாவது வாங்கிக்கொள்வார் என்று பொட்டலத்தை மறுபடி நீட்டினேன். ஊட்டே சிரித்தார். "இனி ஓராண்டுக்கு வாங்கவே முடியாது. நான் அவளுடைய வழிகாட்டி."

பண்ருட்டிக் கடையில் கட்டிய நூல் அவிழாமல் அந்தப் பொட்டலம் ஜெர்மனியில் எங்கள் ஃப்ரீசரில் இருக்கிறது. கயல் கைவைக்க வந்தால் தடுக்கிறேன். "அது யாருக்கும்மா?" என்று வேண்டுமென்றே கேட்கிறாள். 'ஊட்டே' என்று தொடங்குகிறேன். வாய் தானாக 'மேடம்' என்று முடிக்கிறது.