அத்தான் பிளேட்டைக் கழுவிய நாள்

என் அக்கா மீனாம்பிகையின் கணவர் கிருபானந்தன் அத்தானைப் பலருக்குத் தெரியாது. கோயிலில் கடைசி வரிசையில் நிற்பார். விழாக்களில் கதிரை அடுக்குவார், மேடைப் பக்கம் போகமாட்டார். இருபத்திரண்டு வருடமாக பாண் சுடும் ஒரு தொழிற்சாலையில் பின்னேர வேலை. நள்ளிரவில் வந்து படுத்து, காலை ஐந்துக்கு எழும்பி, அக்காவை வேலைக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து மறுபடி படுப்பார். நான் அவர்களுடைய பியர்பொன்ட்ஸ் வீட்டின் நிலக்கீழ் அறையில் இருக்கிறேன். மேலே அவர் நடக்கும் சத்தத்தைக் கொண்டே மணி சொல்லிவிடுவேன்.

அக்கா ரொக்ஸ்பரோவில் சிறு பிள்ளைகளைப் பார்க்கும் கார்டறி ஒன்றில் வேலை செய்கிறாள். பதினான்கு வருடம் சமைத்துத் துடைத்த பிறகு, வாசல் பூட்டின் திறப்பை அவள் கையில் கொடுத்தார்கள். காலை ஆறரைக்கு அவள் போய்க் கதவைத் திறந்தால்தான் பிள்ளைகள் உள்ளே போகலாம். அந்தத் திறப்பை அவள் கைப்பையில் வைப்பதில்லை. சட்டைக்குள் கயிற்றில் கட்டிப் போட்டிருப்பாள்.

போன பனிக்காலத்தில் இரண்டு நாள் பிந்திவிட்டாள். கார் நிற்கும் எங்கள் ட்ரைவ்வேயில் பனியைத் துப்புரவாக்க ஒப்பந்தம் செய்த ட்ராக்டர் இரண்டு நாளும் ஏழு மணிக்குப் பிறகுதான் வந்தது. அதற்கு முன்பே நகரசபை வண்டி தெருவைத் தள்ளிக்கொண்டு போய், எங்கள் வாசலில் முழங்கால் உயரத்துக்குக் கட்டிப் பனியை விட்டிருந்தது. எங்கள் சின்னக் கார் அதில் புதைந்து நின்றது. கார்டறி வாசலில் ஆறு தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு குளிரில் நின்றார்களாம். மூன்றாம் தரமும் இப்படி நடந்தால் திறப்பை வேறு ஆளிடம் கொடுக்க வேண்டிவரும் என்று பொறுப்பாளர் பெண் சொன்னார். அவர் கோபிக்கவில்லை, அன்பாகத்தான் சொன்னார். அதுதான் அக்காவுக்குத் தாங்க முடியவில்லை.

 கோடையில் அத்தான் காரை விற்றுவிட்டு, எட்டு வருடம் ஓடிய பிக்கப் ட்ரக் ஒன்றை வாங்கினார். செப்டம்பரில் அதன் முன்னால் பூட்டுவதற்கு, பனி தள்ளும் இரும்புப் பிளேட் தேடத் தொடங்கினார்.

அவருடைய கூட்டாளி இரவிச்சந்திரன் அண்ணை கர்க்லாண்டில் இருக்கிறார். எதையும் பெரிதாக வாங்குகிறவர். அவர் எங்கள் குசினிக்குள் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

"எடுக்கிறதெண்டால் எட்டரை அடி அகலம் எடு, கிருபா. சின்னதை வச்சு என்ன, பல்லுத் தீட்டப் போறியோ?"

அத்தானும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார். கடைக்குப் போன நாளில் அக்காவுக்கு வேலை. அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிக்க என்னைக் கூட்டிப்போனார். கடைக்காரர் பிளேட்டைக் காட்டுவதற்கு முன் சாரதிக் கதவைத் திறக்கச் சொன்னார். கதவின் உட்பக்க ஓரத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. முன் சில்லுகள் இரண்டும் சேர்ந்து எவ்வளவு பாரம் தாங்கும் என்று அதில் இருக்கிறது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்ட எனக்குப் பிரெஞ்சு வராது, ஆனால் இலக்கம் வரும். கடைக்காரர் கூட்டிக் காட்டிய கணக்கில், எட்டரை அடிப் பிளேட்டைப் பூட்டி, அத்தானும் அக்காவும் ஏறி இருந்தால் பாரம் அந்த இலக்கத்தைத் தாண்டிவிடும். பிறகு ட்ரக் மூக்கைக் குத்திக்கொண்டுதான் ஓடும். அத்தான் ஸ்டிக்கரையும் என்னையும் பார்த்தார். நான் வேண்டாமென்று தலையை ஆட்டினேன்.

ஏழடிக்குக் கொஞ்சம் கூடிய, நேரான, பாரம் குறைந்த பிளேட் ஒன்றை எடுத்தோம். அதைச் சரித்துப் பிடித்தால் அகலம் குறையும். அப்போதும் சில்லுகளின் தடத்தை மூடுகிறதா என்று நானும் அவரும் நாடா பிடித்துப் பார்த்தோம். பின்பெட்டியில் போட மணல் மூட்டைகளும் வாங்கினோம். முன்னால் இரும்பு தொங்கும்போது பின்பக்கம் லேசாகி வழுக்குமாம். பூட்டுவதையும் கழற்றுவதையும் கடைக்காரர் ஒருதரம் செய்து காட்டினார். இரண்டு இரும்புப் பின், ஒரு வயர். அத்தான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கையைப் பார்த்தேன்.

நிலம் இறுகுவதற்கு முன் அத்தான், பனிக்குள் ஓரம் தெரிய, ட்ரைவ்வே நெடுகிலும் செம்மஞ்சள் தடிகளை நட்டார். அப்படியிருந்தும் முதல் பனியில் புல்லைக் கம்பளம்போலச் சுருட்டிவிட்டார். பிறகு மெல்ல மெல்லப் பழகினார். கராஜ் கதவடியில் பனியை முன்னுக்குத் தள்ள முடியாது. பிளேட்டை இறக்கிப் பின்னுக்கு இழுக்க வேண்டும். தெருவுக்குக் குறுக்கே தள்ளினால் தண்டம் வரும். டிசம்பரில் குவிப்பதை நன்றாக உள்ளே தள்ளிக் குவித்தால்தான் பெப்ரவரிப் பனிக்கு இடம் இருக்கும். பின்னேரம் தன் வேலைக்குப் போகும் முன் இதையெல்லாம், வீட்டுக்கு வந்த அக்காவுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். அவர் வாயிலிருந்து இவ்வளவு வார்த்தை நான் முன்பு கேட்டதில்லை. டிசம்பர் முழுவதும் அக்கா ஒரு நாளும் பிந்தவில்லை.

தைப்பொங்கலுக்கு முதல் நாள் ஞாயிறு, இரண்டு பேருக்கும் வேலையில்லை. நல்ல வெயில். ஆனால் குளிர் பூச்சியத்துக்குப் பன்னிரண்டு பாகை கீழே. அத்தான் முன்பகலில் இரண்டு வாளியோடு என் அறைக்கு இறங்கி வந்தார். பொங்கலுக்கு ட்ரக்குக்குச் சந்தனம் வைக்க வேண்டும், அதற்கு முதல் உப்பும் சேறும் போகக் கழுவ வேண்டும் என்றார். குழாயில் சுடுதண்ணீர் பிடித்து மஞ்சள் கரைத்தார். கராஜைப் பார்த்து நின்ற ட்ரக்கின், நிலத்தில் இறக்கியிருந்த பிளேட்டுக்கு நாலு வாளி வார்த்தார். தண்ணீர் ஆவி பறக்க வழிந்து, பிளேட்டின் அடியில் ஓடித் தேங்குவதை நான் ஜன்னலால் பார்த்தேன். இது சரிவராதே என்று மனதில் பட்டது. ஆனால் அவர் இவ்வளவு சந்தோஷமாக நின்று துடைக்கும்போது போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரவு ஒரு அடி பனி கொட்டியது.

காலை ஐந்தேகாலுக்கு மோட்டார் உறுமும் சத்தம் கேட்டு மேலே போனேன். அத்தான் ட்ரக்குக்குள் இருந்து பிளேட்டைத் தூக்கும் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார். பிளேட் எழும்பவில்லை. நிலத்தோடு உறைந்து ஒட்டிப்போய்விட்டது. அழுத்த அழுத்த ட்ரக்கின் மூக்குத்தான் கீழே பணிந்தது. தெருப்பக்கம் நகரசபை வண்டி தன் பனிமேட்டை விட்டுப் போயிருந்தது.

அக்கா உடுத்து வெளிக்கிட்டுக் கதவில் நின்றாள். ஒரு கை சட்டைக்கு மேலால் திறப்பைப் பிடித்திருந்தது.

"பட்டிப்பொங்கலுக்கு மாட்டைக் குளிப்பாட்டினால் மாடு எழும்பி நடக்கும். உங்கட மாடு படுத்திட்டுது" என்றாள். சிரிக்கவில்லை.

அத்தான் அலவாங்குக் கம்பியால் இரண்டு குத்துக் குத்தினார். பனிக்கட்டி கண்ணாடிபோலச் சில்லுச் சில்லாகப் பறந்ததே தவிர பிளேட் அசையவில்லை. அலவாங்கைப் போட்டுவிட்டுக் கொதிதண்ணிக் கேத்திலை எடுக்க உள்ளே ஓடினார். நான் கதவை மறித்து நின்றேன்.

"தண்ணி வேண்டாம் அத்தான். கழட்டி விட்டிட்டுப் போங்கோ."

"என்னத்தை?"

"பிளேட்டை. ரெண்டு பின்னும் ஒரு வயரும்தான்."

 அவர் வெளியே போய்ப் பிளேட்டடியில் மண்டியிட்டார். வலதுபக்கப் பின் கையோடு வந்தது. இடதுபக்கம் உறைந்திருந்தது. கண்ணாடி துடைக்க ஊற்றும், குளிரில் உறையாத நீலத் திரவத்தை அதன் மேல் வார்த்தேன், அவர் சுத்தியலால் தட்டினார். ஐந்தாம் தட்டில் பின் துள்ளி விழுந்தது. வயரை நான் உருவினேன். ட்ரக் ஒரு மூச்சு விட்டதுபோல முன்பக்கம் நிமிர்ந்தது.

ஆளுக்கொரு பனி அள்ளும் சவலை எடுத்துக்கொண்டு மூன்று பேரும் தெருவோர மேட்டை வெட்டினோம். அக்கா வேலைக்குப் போகிற உடுப்போடே வெட்டினாள். இரண்டு சில்லுக்கும் தடம் கிடைத்ததும், ட்ரக் மணல் மூட்டைகளின் பாரத்தில் பனியை மிதித்துக்கொண்டு பின்னால் இறங்கியது. நானும் சவலோடு பின் இருக்கையில் ஏறினேன், வழியில் புதைந்தால் உதவுமென்று.

ரொக்ஸ்பரோவுக்குப் போகும் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. அக்கா மணிக்கூட்டைப் பார்ப்பதும் ஜன்னலைப் பார்ப்பதுமாக இருந்தாள். ரயில் பாதையைத் தாண்டியதும் மெல்லச் சொன்னாள்.

"பிளேட் இல்லாமலும் இது ஓடுது என்ன?"

"இதை ரவியிட்டைச் சொல்லிப்போடாதை, மீனா."

அப்போதுதான் அவள் சிரித்தாள்.

கார்டறி வாசலில் ஒருவரும் இல்லை. ஆறு இருபத்தாறு. அக்கா இறங்கி, பனிக்குள் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்து போய்க் கதவைத் திறந்தாள். உள்ளே ஒவ்வொரு விளக்காக எரிந்தது. சற்று நேரத்தில் ஒரு தாய், பனியுடுப்பில் உருண்டையாக இருந்த ஒரு பிள்ளையை நடத்திக்கொண்டு வந்தாள். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு, வழக்கமான குரலில் பொன்ஜூர் சொன்னாள். பிள்ளை அவள் காலைக் கட்டிக்கொண்டது.

அத்தான் இருக்கையைப் பின்னால் சாய்த்தார். எஞ்சினை நிற்பாட்டவில்லை, போகவும் இல்லை. இரண்டாவது பிள்ளை உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.