நாலாவது பாட்டும் கமலாவும்

போன சனிக்கிழமை பேகம்பேட்டில் ஒரு சின்ன ஹாலில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் இரைச்சல் கேட்டேன். டிராஃபிக் இல்லைங்க... புது ஆல்பம்! காதுக்குள் இன்னும் 'ஙொய்' என்கிறது. மனசோ குதிக்கிறது.

மெட்டுகுடாவில் என் எதிர்வீட்டு கமலாவின் மகள் திவ்யா. மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை. அவளும் மூன்று நண்பர்களும் சேர்ந்து வாசிப்பது நாய்ஸ் ராக். கிடாரைக் கதறவிடுவார்கள், டிரம்மோடு இரும்புத் தகட்டையும் போட்டு அறைவார்கள். மெலடியா? மூச்! ஒன்றரை வருஷமாக ஒத்திகை நடப்பது கமலா வீட்டு மாடி அறையில்தான்.

போன மாதம் கமலாவின் பொறுமை தீர்ந்தது. "ஆல்பம் வரட்டும், ஒரு தடவ முழுசா உக்காந்து கேக்கறேன். பிடிக்கலேன்னா மாடி ரூமுக்குப் பூட்டு."

"டீல் மம்மி" என்றாள் திவ்யா. முகத்தில் ஈயாடவில்லை. இந்தச் சத்தத்துக்கு வேறு யார் இடம் கொடுப்பார்கள், சொல்லுங்கள்!

அன்று ஹாலில் ஆல்பத்தை ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினார்கள். கேட்க நாற்பது கறுப்பு டி-ஷர்ட்கள். நடுவே பச்சைப் பட்டுப்புடவையில் கமலா. பக்கத்தில் நான். படபடப்பு தாங்காமல் திவ்யா கோஷ்டி வெளியே டீக்கடையில் நின்றுகொண்டது.

முதல் மூன்று பாட்டு — அடேயப்பா! நாற்காலியே அதிர்ந்தது. இவ்வளவு கோபத்தை இந்தப் பெண் எங்கே வைத்திருந்தாள்?

நாலாவது பாட்டில் திடீரென்று 'கிர்ர்ர்...' என்று ஒரு சத்தம். ஒரு நிமிஷம்... இரண்டு நிமிஷம்... நிற்கவே இல்லை. கறுப்புச் சட்டைகள் கண்ணை மூடித் தலையாட்டின. நான் மட்டும் சளைத்தவனா? விமர்சனம் எழுதக் கொண்டுபோன நோட்டில் 'ஆல்பத்தின் உச்சம்' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

விருட்டென்று கமலா எழுந்தாள். போச்சு, பூட்டு உறுதி என்று நினைத்தேன்.

"நிறுத்துப்பா! இது எங்க வீட்டுச் சத்தம் இல்ல. இந்த எடத்துல தகடு மூணு தடவ விழணும், அப்பறம் திவ்யா கத்தணும். எங்கே அது?"

ஆபரேட்டர் குனிந்து பார்த்தார். ஸ்பீக்கர் வயர் லூஸ்! நான் அடிக்கோடிட்ட உச்சம் அதுதான்.

சத்தம் நின்றதும் திவ்யா பதறி ஓடிவந்தாள். "கைக்கு மம்மி, ஏன் நிறுத்தின? இன்னும் மூணு பாட்டுதான்... நக்கோ மம்மி, வேணாம், ப்ளீஸ்!"

"சும்மா இருடி. நாலாவத முதல்லேருந்து போடச் சொல்லு."

போட்டார்கள். தகடு விழுந்தது. கமலாவின் விரல்கள் கைப்பை மேல் டண், டண், டண் என்று மூன்று தட்டு தட்டின. ஒரு இம்மி பிசகவில்லை! திவ்யா அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகையும் சிரிப்புமாக ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

சகித்துக்கொள்வதாக நினைத்துக்கொண்டே எதையெல்லாம் மனப்பாடம் செய்துவிடுகிறோம், பார்த்தீர்களா?

திரும்பும்போது ஆட்டோவில் கேட்டேன், "அப்ப பூட்டு?"

"அது கெடக்கட்டும். அடுத்த ஆல்பத்துல தகட்ட நாலு தடவ அடிக்கச் சொல்லணும்."