சைலன்ஸ் சொல்லத் தெரிந்தவன்

கல்லூரிச் சேர்க்கை தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டு அழைப்பு மணிக்கு ஓய்வு கிடையாது. யாராவது ஒரு தகப்பன் வந்து நிற்பார். அவருக்குப் பின்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு மகனோ மகளோ நிற்கும்.

"சினிமாவுக்குப் போகணும்னா அதுக்குன்னு ஒரு டிகிரி படிக்கணுமா, வேணாமா?"

என் தங்கை மகன் யோசிக்கவே மாட்டான். "எதுக்குங்க? நான் படிச்சிட்டா போனேன்? செட்டுதான் காலேஜ்" என்பான். வந்தவர் பன்னிரண்டு வருடமாக உதவி இயக்குநராகவே இருக்கிறவனை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போவார்.

அவனுக்கு சைலன்ஸ் என்று பெயர் வைத்தவர்கள் படப்பிடிப்பு ஆட்கள். ஷாட் தொடங்குமுன் மொத்தக் கூட்டத்தையும் அடக்குவது அவன் வேலை. அந்தக் குரலுக்குக் குழந்தைகூட அழுகையை நிறுத்திவிடும். பெயர் வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. அவன் அம்மாவே "சைலன்ஸு, சாப்பிட வாடா" என்றுதான் கூப்பிடுவாள்.

பள்ளி முடித்ததும் படக் கல்லூரியில் அவனுக்கு இடம் கிடைத்தது. சேர வேண்டிய நாளில் ஒரு இயக்குநர் கூப்பிட்டார் என்று அவர் பின்னால் போய்விட்டான். நான் போட்ட சண்டை எதுவும் எடுபடவில்லை. வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது. முந்தைய காட்சியில் குடை எந்தக் கையில் இருந்தது, மழை வந்தால் எதை மாற்றி எடுக்கலாம், எல்லாம் இயக்குநர் கேட்குமுன் சொல்வான். கேட்கிற இயக்குநர் இடத்தில் எப்போதும் வேறொருவர் இருந்தார், அவ்வளவுதான்.

இந்த வருடம் ஒரு தயாரிப்பாளருக்கு அவன் கதை பிடித்துவிட்டது.

"கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா நீ படிச்சவனும் இல்ல, ஒரு குறும்படம்கூட எடுத்ததில்ல. எதை நம்பிக் குடுக்குறது? படிச்சிட்டு வந்த பையன் ஒருத்தன் வேற கதையோட காத்திருக்கான். ஒரே ஒரு காட்சி எடுத்துக் காட்டு. பிடிச்சா படம் உனக்கு" என்றார்.

காட்சி சின்னது. அலுவலக ஜன்னலில் ஒரு கிழவரை நாளைக்கு வரச் சொல்லிக் கதவை இறக்குகிறார்கள். அவர் பெஞ்சை விட்டு எழுவதில்லை. கிழவர் நான்.

"எனக்கு நடிக்கத் தெரியாதுடா."

"நடிக்கவே வேணாம் மாமா. கட் சொல்ற வரைக்கும் எந்திரிக்காம இருங்க, போதும்."

"சும்மா உக்காந்தாலே நீ அப்படித்தாண்ணா இருக்கே" என்றாள் தங்கை.

பூட்டிக்கிடந்த ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் படப்பிடிப்பு. படக் கல்லூரியில் படித்த ஒரு பெண் கேமராவோடு நட்புக்காக வந்திருந்தாள். தயாரிப்பாளர் மானிட்டருக்குப் பின்னால் உட்கார்ந்தார். இவன் "சைலன்ஸ்!" என்றான், ஊரே அடங்கியது. "ஆக்‌ஷன்" என்றான். ஜன்னல் கதவு இறங்கியது. நான் உட்கார்ந்திருந்தேன்.

காட்சி முடிந்துவிட்டது. யாரும் எதுவும் சொல்லவில்லை. முதுகு அரித்தது. ஒரு ஈ முழங்காலில் வந்து அமர்ந்தது. சொன்ன சொல்லை மீறிப் பழக்கமில்லாததால் அசையாமல் கண்ணை மட்டும் திருப்பினேன். கிளாப் அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு இவன் கேமரா பக்கத்தில் நின்றான். முகம் இடதுபுறம் திரும்பியிருந்தது. அங்கே யாரும் இல்லை. இத்தனை வருடமும் அந்தப் பக்கத்திலிருந்துதான் இயக்குநரின் குரல் வரும். அதற்காகக் காத்து நின்றான்.

"அண்ணா, நீங்கதான் கட் சொல்லணும்" என்று அந்தப் பெண் மெல்லச் சொன்னாள்.

"கட்!" என்று கத்தினான். விளக்குக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அடுத்த தடவை கதவு இறங்குவதற்குள்ளேயே கட் சொன்னான். மூன்றாவது சரியாக வந்தது, உயிர் இல்லை.

தேநீர் குடிக்கும்போது அந்தப் பெண் என்னிடம் சொன்னாள். "முதல் வாரமே எங்க கையில கேமராவைக் குடுத்துடுவாங்க. மொக்கையாத்தான் எடுப்போம். ஆனா ஆக்‌ஷனும் கட்டும் நாங்களே சொல்லணும். அண்ணன் மாதிரி கூட்டத்தை மேய்க்க எனக்கு வராது. அண்ணன் இதை ஒரு தடவைகூடச் சொன்னதில்ல போல."

தயாரிப்பாளர் மூன்றையும் பார்த்தார். முதலாவதில் நிறுத்தினார்.

"இதுதான் நல்லா இருக்கு. பெரியவர் எந்திரிக்காமலே இருக்காரு பாரு, அந்தக் கடைசி. தெரிஞ்சுதான் ஓட விட்டியா?"

ஆமாம் சொல்லடா என்று எதிரிலிருந்து தலையை ஆட்டினேன்.

"இல்ல சார். கட் சொல்ல மறந்துட்டேன்."

"ஓ" என்றார் அவர். எழுந்து போனார்.

வீடு வரும்வரை பொறுத்திருந்தேன். "'ஆமா'ன்னு சொன்னா வாயில இருந்து முத்தா உதிர்ந்துடும்? ஒரே ஒரு வார்த்தைடா!"

"சொன்னா, அதே மாதிரி இன்னொன்னு எடும்பாரு மாமா. எடுக்க எனக்குத் தெரியாது."

அவன் சொன்னது நியாயமாகவே பட்டது. அதனால் கோபம் இன்னும் கூடியது.

மறுவாரம் தயாரிப்பாளரிடமிருந்து தொலைபேசி வந்தது. படம் அந்தப் படித்த பையனுக்குத்தான். இவனுக்கு அதில் கோ-டைரக்டர் வேலை, இப்போதைவிடக் கூடுதல் சம்பளம்.

"வேணாம் சார்" என்று வைத்துவிட்டான்.

"வேணாமா? வீட்டுல என்ன மரம் வச்சிருக்கோமா பணம் காய்க்க?" என்றாள் அவன் அம்மா.

"அங்கேயும் போய்க் கூட்டத்தைத்தாம்மா அடக்கணும்" என்றான். பிறகு என் பக்கம் திரும்பினான். "மாமா, ஞாயித்துக்கிழமை மொட்டை மாடிக்கு வாங்க. அந்தப் பொண்ணு கேமரா தர்றேன்னிருக்கு."

"என்ன படம்?"

"படமெல்லாம் இல்ல. அவங்க முதல் வாரம் எடுத்த மாதிரி நாலஞ்சு மொக்கை."

"முப்பது வயசுல முதல் வாரமா? அன்னைக்கே போய்ச் சேருடான்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!"

"அடிச்சுக்கிட்டீங்க. இப்ப வர்றீங்களா, இல்லையா?"

சமையலறையில் தங்கை பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழும்படி வருகிறேன் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. தலையை மட்டும் அசைத்தேன்.

"வெள்ளைச் சட்டை வேணாம். வெயில்ல பளீர்னு அடிக்கும்" என்றான்.

என்னிடம் இருப்பதெல்லாம் வெள்ளைச் சட்டைதான்.